பக்கத்து மெசின்காரன்ரை நாட்டுக்குக் கேக்

எனக்குப் பொறாமை கொஞ்சநஞ்சமில்லை. முன்வீட்டுக்காரன் புல்லு வெட்டுற மெசினை மாத்தினாலே எனக்குச் சோறு இறங்காது. ஆனா ஒருத்தனுக்கு நாடு கிடைச்சதைப் பார்த்து வயிறெரிஞ்சது போன வருசக் கடைசியிலைதான்.

கிரின்ஸ்டெட் ஃபக்டரியிலை எனக்குப் பக்கத்து மெசினிலை நிக்கிறவன் சோமாலிலாந்துக்காரன். சோமாலியாவை விட்டுப் பிரிஞ்சு முப்பது வருசத்துக்கு மேலை. கொடி, காசு, பொலிஸ் எல்லாம் வைச்சிருக்கினம், ஆனா ஒருத்தரும் நாடெண்டு ஏத்துக்கொள்ளேல்லை. அதாலைதான் நாடு கேட்டுக் கிடைக்காத தமிழன் நானும் அவனும் நல்ல ஒட்டு. அவனிட்டைக் கொடியாவது இருந்தது. என்னட்டை வாய் மட்டும்.

டென்மார்க்கிலை சந்தோசம் ஆருக்கோ, அவர்தான் கேக்கும் கொண்டுவர வேணும். நத்தார் லீவு முடிஞ்சு போறன், கன்டீன் மேசையிலை பெரிய கேக். அதிலை அவன்ரை கொடி குத்தியிருக்கு. இஸ்ரேல் அவையை நாடெண்டு ஏத்துக்கொண்டிட்டுது.

டெனிஷ்காரர் ஒவ்வொருத்தரா வந்து "தில்லுக்க" எண்டு வாழ்த்திப்போட்டுத் துண்டைத் தூக்கினவை. ஒருத்தி பிறந்தநாளெண்டு நினைச்சு வயசும் கேட்டவ. நானும் தின்னுறன். கேக் உள்ளை போகுது, வாழ்த்து வெளியிலை வரேல்லை.

"ஒரு நாடுதானே," எண்டன். "துருக்கி, எகிப்து, சவூதி எல்லாம் எதிர்ப்பாம்." எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தாலை ஓடினவன், அண்டைக்கு ஐநா சபையிலையிருந்து எழும்பி வந்த மாதிரிக் கதைச்சன்.

"எதிர்க்கட்டும்."

"உங்கட கரையிலை துறைமுகம் இருக்கு. இஸ்ரேல்காரர் அதுக்குத்தான் வாறாங்கள்."

"உங்களிட்டைத் துறைமுகம் இல்லையோ?"

இருக்கு. திருகோணமலை. ஆனா இந்தியாவோ சீனாவோ, ஆசைப்படுறவை எல்லாம் கொழும்போடைதான் கதைக்கிறது. எங்களிட்டை வழி கேக்கக்கூட ஆளில்லை. அதை அவனுக்குச் சொல்லாமல் இன்னொரு துண்டு எடுத்தன்.

அவன் கிட்ட வந்தான். "இவை தலைமயிர் வெட்டினாலும் தில்லுக்க சொல்லுவினம். இது என்னெண்டு இஞ்சை தெரிஞ்சவன் நீ மட்டுந்தான். உன்ரை வாயாலை ஒருக்காச் சொல்லடா."

பாவி, அதைக் கேட்டிருக்கக் கூடாது.

"தில்லுக்க," எண்டன். அவன் என்னை இறுக்கிக் கட்டிப்பிடிச்சான். அப்பதான் எனக்குக் கண் கலங்கினது. தனக்காண்டித்தான் அழுறன் எண்டு நினைச்சு என்ரை முதுகைத் தடவினான்.

நானும் ஓம் எண்டு தலையாட்டினன்.