இரண்டு பூட்டுப் போட்ட பெட்டி

பத்தாவது வரைதான் படித்தவன் நான். பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டால் மன்னித்துவிடுங்கள்.

எண்பதுகளின் நடுவில், பென்னாகரம் பக்கத்தில் ஆறு ஊர்கள் சேர்ந்து பையன்களுக்குக் கபடிப் போட்டி நடத்தி வந்தோம். வீட்டுக்கு ஒரு ரூபாய் வசூல். பனியன், ஷீல்டு எல்லாம் அதில்தான். முந்தைய பொருளாளர் வசூல் பணத்தில் மாடு வாங்கிவிட்டார் என்று பெரிய சண்டை. அதனால் பணப்பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போட்டு, ஒரு சாவியைச் செயலாளரிடமும் இன்னொன்றைப் புதுப் பொருளாளரான என்னிடமும் கொடுத்தார்கள். யார் வம்புக்கும் போகாதவன் என்பதுதான் என் தகுதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எதிரணிக்காரனின் முழங்கால் வயிற்றில் பட்டு எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் விழுந்தான். தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேன் இருந்தது. டீசலுக்கு ஐம்பது ரூபாய் முன்னால் வைத்தால்தான் எடுப்பேன் என்றார் வேன்காரர். மழையில்லாத வருஷம். கூட்டத்தில் துண்டு ஏந்தியும் பதினோரு ரூபாய்தான் சேர்ந்தது. பெட்டி என் முன்னால் மேஜைமேல் இருந்தது. செயலாளரோ நல்லம்பள்ளிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

பையனின் அப்பா கூலிவேலை செய்பவர். "அவரு பூட்ட ஒடைங்க தம்பி. பூட்டுக் காசு நான் குடுத்துடறங்க" என்றார்.

கல்லை எடுத்துவிட்டேன். அப்போது கூட்டத்திலிருந்து ஒருவர், "ஒடைங்க, ஒடைங்க. போனவரு மாடு வாங்குனாரு, இவுரு வண்டி வாங்கட்டும்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. கல்லைக் கீழே வைத்துவிட்டு, "செயலாளர் வந்துரட்டுங்க" என்றேன்.

அப்பா மறுபடி கேட்கவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். பஸ் வர ஒன்றரை மணி நேரமானது. மரத்தடியில் படுத்திருந்த பையன் என்னிடம், "அண்ணா, அந்தப் பாயிண்டு நமக்குத்தானுங்க?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

உள்ளே ரத்தம் கசிந்து நெடுநேரமாகிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அன்று ராத்திரியே போய்விட்டான்.

பண விஷயத்தில் நேர்மையானவன் என்று ஊரில் இன்றும் என்னைச் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். கூச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பையன் போன மறுநாள் காலை செயலாளர் வந்தார். இருவரும் பெட்டியைத் திறந்து எண்ணினோம். நூற்று எண்பத்தாறு ரூபாய், சரியாக இருந்தது. நோட்டில் கையெழுத்துப் போட்டோம். மதியம் பையனை அடக்கம் செய்தார்கள். நான் போகவில்லை.