தாகேதாவில் பிறந்த ஆபிரகாமின் மகள்

கெண்டை மீனை வாலிலிருந்து தலைப்பக்கமாக, எதிர்த்திசையில் கட்டைவிரலால் தடவுகிறார் பெர்சிஸ் அக்கா. செதில் விரலில் உரச வேண்டும். உரசினால்தான் பையைத் திறப்பார். கெண்டைக்குச் செதில் உண்டென்று க்யிம்யிண்டைங் படித்துறைச் சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அக்காவுக்கு யார் சொல்வதும் போதாது. ஒவ்வொரு மீனாகத் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார். மீன் விற்கும் பர்மாக்காரப் பெண் சலித்துப்போய், தராசைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்துவிடுவாள்.

இத்தனையும் மோஹிங்காவுக்காக. யாங்கூனில், அதாவது பழைய ரங்கூனில், மோஹிங்கா என்றால் கெளுத்தி மீன் குழம்பு. அதில் வாழைத்தண்டு மிதக்கும், கீழே சேமியா கிடக்கும். கெளுத்திக்குச் செதில் கிடையாது. செதிலும் துடுப்பும் இல்லாத மீன் யூதர்களுக்கு ஆகாது. ஆகவே லான்மடா வட்டாரத்தில் அக்கா காலையில் போடும் கடையில் கெண்டை மோஹிங்கா. முதல் வருஷம் சாப்பிட வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். "வேணும்னா சாப்பிடு, வேணாம்னா பக்கத்துக் கடைக்குப் போ" என்று அக்கா கரண்டியை ஆட்டினார். பக்கத்துக் கடைக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். ருசிக்காகவா, கரண்டிக்குப் பயந்தா என்று நான் விசாரிக்கவில்லை.

அக்கா யூதராகப் பிறந்தவர் அல்ல. யாங்கூனின் தாகேதா பகுதியில், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா பிரான்சிஸ் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. கோயில் ஜன்னலுக்குப் பச்சைப் பெயின்ட் வாங்கி வா என்று பாதர் அனுப்பியதன்பேரில் லான்மடாவுக்குப் போனார் இருபத்தாறு வயது பெர்சிஸ். பெயின்ட் கடையில் எஸ்ரா உட்கார்ந்திருந்தார். பாக்தாத்திலிருந்து வந்து நாலு தலைமுறையாக ரங்கூனிலேயே இருக்கும் யூதக் குடும்பம் அவருடையது. பெயின்ட் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. பெர்சிஸ் பிறகு அந்தக் கோயிலுக்குப் போகவில்லை.

இரண்டு வருஷம் படித்து, பாங்காக்கில் ரப்பிகள் எனப்படும் யூத குருமார் மூன்று பேர் வைத்த பரீட்சையில் தேறி, யூதராகத் தண்ணீரில் முங்கி எழுந்தார். மதம் மாறி வருகிறவருக்குத் தகப்பன் ஆபிரகாம் என்பது அவர்கள் வழக்கம். கல்யாணப் பத்திரத்திலும் "ஆபிரகாமின் மகள்" என்றே எழுதினார்கள். அன்றைக்கு விட்டதுதான் ஙப்பி. பர்மாவில் பிறந்தவருக்கு ஙப்பி இல்லாத சோறு சோறே இல்லை. இறாலை அரைத்து, உப்பிட்டு, ஊறவைத்த விழுது அது. இறாலும் ஆகாது. முப்பது வருஷமாக அக்கா புளிக்கவைத்த சோயா மொச்சையை அரைத்துத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்.

எஸ்ரா பிறவி யூதர். அதனாலேயே அவருக்கு இதிலெல்லாம் அவ்வளவு அவசரமில்லை. மத்தியானம் படித்துறைப் பக்கம் ஒதுங்கி ஒரு கிண்ணம் கெளுத்தி மோஹிங்கா அடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் வீட்டுக்கு வருவார். பர்மா வழக்கப்படி பேருக்கு முன்னால் 'கோ', 'மா' என்று மரியாதை சேர்த்துத்தான் இருவரும் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"கோ எஸ்ரா, கைலியை மாத்திட்டு வாங்க. உங்க கைலி என்ன சாப்பிட்டுச்சுன்னு எனக்குத் தெரியுது."

"காத்துல வந்து ஒட்டியிருக்கும், மா பெர்சிஸ்."

"காத்துக்கு வாழைத்தண்டு எங்க கெடச்சுச்சு?"

அக்காவின் பிடிவாதத்தை இதுவரை சொன்னதை வைத்து எடை போட்டுவிட வேண்டாம். மீன் சின்ன விஷயம். மூன்று வருஷமாக வீட்டில் நடக்கிற பெரிய வழக்கு வேறு. அக்காவுக்கு இஸ்ரேலுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். எஸ்ராவுக்கு லான்மடாவை விட்டு நகர மனமில்லை.

அக்கா சொல்லும் காரணம் மிகவும் நேரானது. "தெனம் மூணு வேளை ஜெபம் பண்றோம். எங்களை அந்த நாட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு கேக்கறோம். சாப்பிட்டு எந்திரிச்சா அந்த நாட்டுக்காக நன்றி சொல்றோம். இப்ப வான்னு கூப்பிடறாங்க. காகிதம் எல்லாம் வந்தாச்சு. வேணாம்னு சொன்னா, இத்தன வருஷம் சாமிகிட்ட பொய் சொன்னதா ஆகாதா?"

 

யூத மதச் சட்டமும் அக்கா பக்கம் இருந்தது. புருஷன் பெண்டாட்டி இருவரில் ஒருவர் அந்த நாட்டில் போய் வாழ வேண்டும் என்றால், மற்றவரைக் கட்டாயப்படுத்தலாம். நல்ல வீட்டை விட்டு ஓட்டை வீட்டுக்குப் போவதானாலும் சரி. வர மறுக்கிறவர் புருஷன் என்றால், கல்யாணப் பத்திரத்தில் பெண்டாட்டிக்கு எழுதிய தொகையைக் கொடுத்து விலக்கிவிட வேண்டும். இந்தச் சட்டத்தை எஸ்ராவுக்குப் படித்துக் காட்டியவரே அக்காதான். அன்றைக்கு எஸ்ரா பெயின்ட் டப்பாக்களின் தூசியை ரொம்ப நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு அவரும் சட்டம் பேசத் தொடங்கினார். பிழைப்புக்கு வழியில்லாத இடத்துக்குப் போகக் கட்டாயமில்லை என்றார். "மோஹிங்கா ஊத்தத் தெரிஞ்சவளுக்கு எந்த ஊர்லயும் பிழைப்பு இருக்கு" என்றார் அக்கா. அங்கே சண்டை நடக்கிறது, உயிருக்கு ஆபத்துள்ள காலத்தில் கட்டாயமில்லை என்றார் எஸ்ரா. "இங்க மட்டும் என்ன தாலாட்டா பாடறாங்க?" என்றாலும், அது நியாயமான காரணம் என்று ஒப்புக்கொண்டு அக்கா காத்திருந்தார். சண்டை ஓய்ந்து விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியதும் வழக்கைத் திரும்ப எடுத்தார். இந்தக் காலத்துக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று சில பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்றார் எஸ்ரா. அது உண்மை. பொருந்தும் என்று எழுதியவர்கள் அதைவிட அதிகம் என்றார் அக்கா. அதுவும் உண்மை.

கடைசியில் சிங்கப்பூரில் இருக்கும் ஒரு ரப்பியிடம் வழக்கைக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. கரண்ட் இருக்கிற ஒரு முற்பகலில், பெயின்ட் கடைக்குள் டப்பாக்களின் மேல் போனைச் சாய்த்து வைத்து, இருவரும் முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். ரப்பி பொறுமைசாலி. எஸ்ராவின் காரணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு அக்காவைப் பார்த்து, "நீங்கள் உங்கள் கணவரைக் கட்டாயப்படுத்த விரும்புகிறீர்களா?" என்றார்.

"விரும்புகிறேன்" என்றார் அக்கா.  புருஷனே இல்லாமல் போனாலும் போவது என்று தீர்மானித்துவிட்டுத்தான் அந்த முக்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார்.

எஸ்ராவுக்கு அப்போதுதான் நிலைமை உறைத்தது. கையில் மிச்சம் இருந்த வாதத்தை எடுத்து வீசினார். "ரப்பி, முன்னோர் நாடு என்கிறார்களே, இவளுக்கு அது எப்படி முன்னோர் நாடு? இவள் அப்பா பிரான்சிஸின் பூர்வீகம் தூத்துக்குடி. பூர்வீகத்துக்குப் போவதென்றால் இவள் அங்கேதான் போக வேண்டும்."

ரப்பி கண்ணாடியைக் கழற்றினார். 

"நீங்கள் கொண்டுவந்த கேள்விக்கு இரண்டு பக்கமும் பேச இடம் இருக்கிறது. இப்போது சொன்னீர்களே, இதற்கு இடமே இல்லை. வந்து சேர்ந்தவரிடம் அவருடைய பழைய வம்சத்தைச் சொல்லிக் குத்தக் கூடாது. அது பெரிய பாவம். அவர் ஆபிரகாமின் மகள். நீங்களாவது பல தலைமுறை தள்ளிப் பிறந்தவர், அவர் நேரே மகள். முதலில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்" என்றார்.

அந்த இடத்தில் கரண்ட் போயிற்று. கடை இருண்டது. இணைப்பும் அறுந்தது.

அக்கா அழவில்லை. எழுந்து வீட்டுக்குப் போய் மறுநாள் மோஹிங்காவில் கரைக்க வேண்டிய கடலைமாவை வறுத்தார். தீய்ந்துபோயிற்று. அக்கா கையில் மாவு தீய்ந்தது அன்றைக்குத்தான். சட்டத்தில் தோற்பதை அவர் தாங்கியிருப்பார். முப்பது வருஷம் பக்கத்தில் படுத்தவர் மனதுக்குள் தன்னை விருந்தாளியாகவே வைத்திருந்தார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓய்வுநாள் விளக்கேற்றுமுன் எஸ்ரா சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் பெயின்ட் கறை போகத் தேய்த்துக் கழுவியிருந்தார்.

"மா பெர்சிஸ், வாய் தவறிட்டுது. மன்னிச்சிரு."

"வாய் தவறல. முப்பது வருஷமா உள்ள இருந்தது வெளிய வந்துச்சு."

எஸ்ரா மறுக்கவில்லை. "இருந்துச்சு" என்றார். "இருந்ததுக்கும் சேத்துதான் கேக்கறேன்." கொஞ்சம் நின்றுவிட்டு, "உங்க அப்பா ஆபிரகாம் ஊருக்கு என்னயும் கூட்டிட்டுப் போ" என்றார்.

அக்கா தீக்குச்சியைக் கிழித்தார். "கட்டாயம் வரணும். ரெண்டு பெட்டி இருக்கு, தூக்க ஆள் வேணும்."

பெயின்ட் கடையை விற்றாயிற்று. அடுத்த மாதம் பயணம். இப்போதும் விடியற்காலையில் அக்கா மீனைத் தடவிக்கொண்டுதான் இருக்கிறார். எஸ்ரா படித்துறைப் பக்கம் போவது மட்டும் கூடியிருக்கிறது. அக்கா கைலியைப் பற்றிக் கேட்பதில்லை.

சொல்லிக்கொள்ள மைமூன் ஒருத்திதான் பாக்கியிருந்தாள். மீன் சந்தையின் மூலையில் கருவாடும் ஙப்பியும் விற்கும் தமிழ் முஸ்லிம். அக்காவுக்குச் சிறுவயதுத் தோழி. ஒரு வழக்கம் உண்டு: மைமூனோடு பேசும்போது அக்கா கடையை ஒட்டி நிற்க மாட்டார். ஆற்றுக்காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று பார்த்து, வாடை தன்மேல் படாத பக்கமாக நாலடி தள்ளி நின்று, சத்தம் போட்டுப் பேசுவார். தன் சரக்கின் வாடை பிடிக்காமல் ஒதுங்குகிறாள் என்று மைமூனுக்கு உள்ளூர வருத்தம்.

போன வாரம் அக்கா சொல்லிக்கொள்ளப் போனபோது அது வெளியே வந்தது.

"எங்க வாப்பாவயும் இந்தியாக்காரங்கள வெரட்டுன காலத்துல ஊருக்குப் போன்னு கப்பல் ஏத்தப் பாத்தாங்க. இதான் எனக்கு ஊருன்னு உக்காந்துட்டாரு. நீ என்னடான்னா நீயா கெளம்பறே. போ, நல்லாரு. அங்க போனாலாச்சும் என் கட நாத்தத்துலேர்ந்து தப்பிச்சுக்குவே."

அக்கா தள்ளி நின்ற நாலடியையும் நடந்து கடையருகே வந்தார். ஙப்பிச் சட்டியின் மூடியை எடுத்தார். குனிந்து, சட்டி விளிம்பில் மூக்குப் படும் அளவுக்கு முகத்தைக் கொண்டுபோய், கண்ணை மூடி, முப்பது வருஷமாக விலக்கி வைத்திருந்த அந்த வாசனையை நெஞ்சு நிறைய இழுத்தார். ஒருமுறை அல்ல. மைமூன் கரண்டியால் கொஞ்சம் எடுத்து நீட்டினாள்.

அக்கா தலையை ஆட்டி மறுத்தார். மூடியைச் சட்டிமேல் வைத்து, காற்றுப் புகாமல் இரண்டு கையாலும் அழுத்தி மூடினார்.