‘கரைச்சல்’ உடைந்தது யாரால்?

இன்று காலை ஊர்காவற்றுறை பஸ்சில்...

நானும் நண்பன் ரஜீவனும் வழமைபோலச் சண்டை. விஷயமும் வழமையானதுதான். ‘கரைச்சல்’ உடைந்ததற்கு யார் காரணம்?

(தெரியாதவர்களுக்கு: ‘கரைச்சல்’ எங்கள் தீவுப்பகுதியின் ஒரேயொரு றொக் பாண்ட். கரைச்சல் என்றால் தொல்லை. பெயர் வைக்கும்போதே யோசித்திருக்க வேண்டும்!)

பாடகர் அன்ரன், ஊர்காவற்றுறை. கிற்றார் செந்தூரன், சரவணை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு அம்மன் கோயில் திருவிழாவில் அவர்களுடைய கச்சேரி. செந்தூரன் வரவேயில்லை! கிற்றார் இல்லாமல் மூன்று பாட்டுப் பாடிப் பார்த்தார்கள். சனம் கூவத் தொடங்கிவிட்டது. கடைசியில் அன்ரன் மைக்கிலேயே சொன்னார்:

“ஒருத்தருக்குத் தலைக்கனம் வந்தா இதுதான் நடக்கும்.”

அதோடு குழு முடிந்தது.

ரஜீவன் எப்போதும் அன்ரனைத்தான் குற்றம் சொல்வான். “மைக்கில சொல்லுற கதையோடா அது? தனியக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்தானே.”

நான் விடுவேனா! “கேட்டவர்தானே! போன் எடுத்தா செந்தூரனிட்டயிருந்து ‘ஏலாது’ எண்டு ஒரே சொல்லு. காரணம் சொல்லேல்லை. நான் அப்பவே பேஸ்புக்கில எழுதினனான். கிற்றாருக்கு ஆறு தந்தி, செந்தூரனுக்கு ஏழாவது தந்தி தலைக்கனம்!”

(அந்த வசனத்தில் எனக்கு அவ்வளவு பெருமை. நான் எழுதியதில் ஆகக்கூடப் பகிரப்பட்டது அதுதான்.)

சரவணையில் ஏறி எங்களுக்கு முன் சீற்றில் இருந்த ஒரு அக்கா மெல்லத் திரும்பினார்.

“தம்பி, நான் செந்தூரன்ட அக்கா.”

ரஜீவன் யன்னலுக்கு வெளியே பனைகளை எண்ணத் தொடங்கினான். (நல்ல நண்பன்!)

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“அந்தத் திருவிழாவுக்கு நாலு நாள் முதல் கனடாவில எங்கட சித்தப்பா மோசம் போயிட்டார். ஐயான்ர ஒரே தம்பி. ஐயாவுக்கு நெஞ்சில ஒப்பரேஷன் செய்து வீட்டை வந்து ஒரு கிழமைதான். இதைக் கேட்டா ஆள் தாங்காது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். மரண அறிவித்தலும் போடவேண்டாம் எண்டு கனடாவுக்குச் சொன்னனாங்கள்.”

துடக்கு! செத்த வீட்டுத் துடக்கு உள்ளவர்கள் முப்பத்தொரு நாளும் கோயில் பக்கம் போவதில்லை. இது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் ஏன் தோன்றவில்லை? அறிவித்தல் இல்லை, அதனால் சாவும் இல்லை என்று இருந்துவிட்டேன்.

“ஒருத்தருக்கும் தெரியாதுதானே, போய் வாசிச்சிட்டு வா எண்டு நான்தான் சொன்னனான்,” என்றார் அக்கா. “‘அம்மாளாச்சிக்குத் தெரியும்தானே’ எண்டு சொல்லிப்போட்டு அறைக்குள்ள போயிட்டான்.”

நான் மெதுவாகக் கேட்டேன். “அன்ரன் அண்ணையிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே அக்கா?”

அவர் சிரித்துவிட்டார்.

“அன்ரன்ட அம்மாதான் எங்கட வீட்டுக்கு மீன் கொண்டு வாறவ. தங்கமான மனுசி. ஆனா வாசல் கேற்றடியில நிண்டு ஐயாவோட அரை மணித்தியாலம் கதைச்சுப்போட்டுத்தான் போவா. எங்கட ஐயாவுக்கு ஆறுதல் சொல்லாமல் அவவால இருக்க ஏலுமோ?”

இல்லை. ஏலவே ஏலாது. எங்கள் ஊரில் யாராலும் ஏலாது. அன்பு காட்டியே ஒரு மனிதரைக் கொன்றிருப்போம்.

“ஒண்டரை மாதம் கழிச்சுத்தான் ஐயாவுக்குச் சொன்னது. அழுதுபோட்டு முதல் கேட்டது, ‘இவன் கோயில்ல வாசிச்சவனோ?’ எண்டுதான். இல்லை எண்டதும் அவன்ர தலையைத் தடவிவிட்டார்.”

“பிறகு அன்ரன் அண்ணையிட்டச் சொல்லேல்லையோ?”

“போக வெளிக்கிட்டவன். அதுக்குள்ள அந்தப் பதிவு ஊரெல்லாம் ஓடிட்டுது. கடைக்குப் போனா ‘ஏழாவது தந்தி வருது’ எண்டு பெடியள் சிரிக்கிறாங்கள். இப்ப போய்ச் சொன்னா, பேச்சு வாங்கினதுக்குப் பிறகு கதை கட்டுறான் எண்டுதான் நினைப்பினம் எண்டிட்டான். கிற்றார் அலுமாரிக்கு மேல கிடக்குது தம்பி. இரண்டு வருசமா இறக்கேல்லை.”

இவ்வளவு நாளும் அன்ரனா செந்தூரனா என்று அடிபட்டுக்கொண்டிருந்தோம். அவர்கள் இருவரும் இரண்டு மாதத்தில் சமாதானமாகியிருப்பார்கள். நடுவில் நின்றது என்னுடைய வசனம். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“அக்கா... அதை எழுதினது நான்தான்.”

“அதைத்தானே இவ்வளவு நேரமும் பஸ்சுக்கே சொல்லிக்கொண்டு வந்தனீர்.”

(ரஜீவன் இன்னும் பனை எண்ணுகிறான்.)

“நான் எல்லாத்தையும் எழுதட்டோ அக்கா?”

அவர் அந்த இடத்திலேயே செந்தூரனுக்குப் போன் எடுத்தார். என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுச் சொன்னார்:

“எழுதட்டாம். ஐயா இப்ப நல்லாத்தான் இருக்கிறார். ஆனா பிழை அன்ரன்ல எண்டு எழுதிப்போடாதையுமாம். பிறகு அவரைத் திட்டவும் கூட்டம் சேர்ந்திடும் எண்டுறான்.”

வேலணையில் இறங்கிப் போய்விட்டார்.

ஆகவே நண்பர்களே, அன்ரனுக்குக் காரணம் தெரியாது. செந்தூரனால் காரணம் சொல்ல ஏலாது. ஒன்றும் தெரியாமல் எல்லாம் தெரிந்ததுபோல எழுதியவன் நான். செந்தூரன், மன்னித்துக்கொள்ளும். அன்ரன் அண்ணை, உங்களை இதில் இணைத்திருக்கிறேன், தயவுசெய்து வாசியுங்கள்.

பழைய பதிவை அழிக்கவில்லை. அதன் கீழேயே இதையும் போட்டிருக்கிறேன்.

அதை விழுந்து விழுந்து பகிர்ந்தீர்கள். இதைப் பகிர்வீர்களா?