மங்கை அக்காவின் மஞ்சள் பட்டை

மங்கை அக்கா போய்விட்டார்.

காலையில் போனில் அவர் பெயர் வந்தது. “சொல்லுங்கக்கா, இன்னிக்கு யார் மேல கோபம்?” என்று எடுத்தேன். பேசியது அவருடைய தங்கை. கிள்ளானில், தங்கை வீட்டில், தூக்கத்திலேயே...

பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்கள் பலருக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். வெள்ளைக் கோல், கறுப்புக் கண்ணாடி, தெருவையே திரும்பிப் பார்க்க வைக்கும் குரல். பிறவியிலேயே பார்வை இல்லை. ஓய்வு பெறும்வரை டெலிபோன் ஆபரேட்டர்.

எனக்கு அவர் எதிர்க்கட்சி.

பழைய கட்டடங்களை அதே வடிவம் மாறாமல் சீர்செய்வது என் தொழில். ரயில் ஸ்டேஷன் ஒன்றின் நிலத்தடிக் கூடம் எங்கள் ஆபீசுக்கு வந்தது. தண்டவாளங்களுக்கு அடியில், ரப்பர் விலை உச்சத்தில் இருந்த காலத்தில் வெள்ளைக்காரன் கட்டியது. நடுவில் மொசைக் தரை... தாமரையும் பச்சை இலையுமாக, சின்னச் சின்னக் கல்.

காண்ட்ராக்டர் மொத்தத்தையும் பெயர்த்துவிட்டு, ஷாப்பிங் மால் மாதிரி பளபள டைல்ஸ் போடலாம் என்றார். ஒரு கல்லைக்கூடத் தொடவிட மாட்டேன் என்று மல்லுக்கு நின்றேன். அந்தச் சண்டையில் ஜெயித்தேன்.

அடுத்த சண்டை அக்காவோடு.

பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஒரு மீட்டிங் வைத்தோம். பெரிய திரையில் என் படங்களைக் காட்டிப் பேசி முடித்தேன். நல்ல கைதட்டல். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“தம்பி, உங்க படத்துல நான் எங்க நடக்கறேன்?”

பார்வையற்றவர்கள் காலாலும் கோலாலும் தடவி நடக்க மஞ்சள் பட்டை போடுவார்களே, மேடு மேடாக... அது கூடத்துக்கு வேண்டும் என்றார். அந்தக் கூடத்தில் நாலு பக்கமும் படிகள். ஒருமுறை வழி தவறி வேறு பிளாட்பாரத்தில் ஏறி, கிள்ளான் போகவேண்டியவர் செர்டாங்கில் இறங்கி நின்றிருக்கிறார்.

“அந்தத் தரை ஒரிஜினல் அக்கா. அது மேல எதையும் ஒட்ட முடியாது.”

“நானும் ஒரிஜினல்தான் லா.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல்.

பிறகு ஆபீசில் நாங்களே உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். மொசைக்கின் இந்தப் பக்கம் வரைக்கும் பட்டை. அந்தப் பக்கத்திலிருந்து மறுபடியும் பட்டை. நடுவில் தாமரைக்கு ஒரு கீறல் இல்லை. வரைபடத்தில் அவ்வளவு நேர்த்தி. எல்லோருக்கும் திருப்தி. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கண் தெரியும் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

திறப்பு விழா. கொம்பாங் மேளம், ரிப்பன், டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர்கள். அவர்களுக்கு முன்னால் அக்கா பட்டையைப் பிடித்து நடந்து வந்தார். மொசைக் ஓரத்தில் கோல் தடவியது... நின்றுவிட்டார். பின்னால் ஊர்வலமே நின்றது.

“இங்க முடிஞ்சிருச்சு தம்பி. இனி எங்க போறது, சொல்லுங்க. நான் நிக்கறேன்.”

ஓடிப்போய் என் கையை நீட்டினேன். “பிடிச்சுக்கங்கக்கா.”

“உங்க கை நாளைக்கும் இங்க இருக்குமா?”

கையைப் பிடிக்கவில்லை. மேளக்காரர்கள் வாசிப்பதா வேண்டாமா என்று முழித்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

கடைசியில் மொசைக் மேலேயே ஒட்டுகிற மாதிரி ரப்பர் பட்டை ஒன்று வரைந்தேன். கல் பாழாகாமல் உரித்தெடுக்கக் கூடிய பசை. சோதனைக்காக மட்டும், தற்காலிகமாக, என்று அனுமதி. பட்டுப்புடவையில் பிளாஸ்டர் ஒட்டியது போல இருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

ஒட்டிய அன்று அக்கா வந்தார். நடப்பதற்கு முன் குனிந்து, பட்டைக்குப் பக்கத்தில் மொசைக்கைக் கையால் தடவினார். என்ன படம் என்று கேட்டார். சொன்னேன். தாமரை, இலை, நடுவில் மஞ்சள் மகரந்தம்...

“அழகாத்தான் இருக்கும்போல. சரி, நான் போறேன், ரயிலுக்கு நேரமாச்சு.”

அதற்குப் பிறகு நண்பர்களானோம் என்று சொன்னால் பொய். ஓரம் பிய்ந்தால் போன், யாராவது லக்கேஜை மேலே வைத்தால் போன். பிரிக்ஃபீல்ட்ஸில் தே தாரிக் குடிக்கும்போதும் இதே வாக்குவாதம். தீபாவளிக்கு மட்டும் ஒரு டின் முறுக்கு, சண்டையில்லாமல்.

இன்று மத்தியானம் ஸ்டேஷன் வேலையைப் பார்க்கும் ப்ராஜெக்ட் ஆபீசர் கூப்பிட்டார். அவருக்கும் செய்தி போயிருந்தது.

“பாவம் லா... நல்ல மனுஷி. பாஸ், ஒண்ணு கேக்கறேன். கம்ப்ளேன் பண்றவங்க இப்ப இல்ல. சோதனை முடிஞ்சதுன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா பட்டையை எடுத்துடலாம். உங்களுக்கும் அதுதானே வேணும்?”

எனக்கு அதுதான் வேண்டும். இத்தனை வருடமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். தூண் ஓரமாக நின்றேன். கூட்டம் வந்தது, போனது.

இளம் ஜோடி ஒன்று வந்தது. இரண்டு பேர் கையிலும் கோல். அந்தப் பெண் எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பட்டை மேலேயே வந்தார்கள், தாமரையைத் தாண்டினார்கள், கிள்ளான் பிளாட்பாரத்துப் படியில் ஏறினார்கள். நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. அவள் பேச்சும் நிற்கவில்லை.

ஆபீசருக்குப் போன் செய்து, கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். இப்போதுதான் இரண்டு பேர் அது மேல் நடந்து போனார்கள் என்றேன்.

நாளைக் காலை கிள்ளானில் இறுதிச் சடங்கு. அந்தப் பக்கம் இருக்கும் தெரிந்தவர்கள் போங்கள், தங்கை தனியாக இருக்கிறார்.

அக்கா, அந்தப் பட்டை அசிங்கமாகத்தான் இருக்கிறது. எடுக்கவில்லை. போய் வாங்க.