அம்மன் படத்துக்குப் பின்னால்

எண்பதுகளில் கும்மிடிப்பூண்டியில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜையன்று டேஷ்போர்டில் ஓர் அம்மன் படம் ஒட்டினேன். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் அதற்குப் பின்னால் மறைந்துபோனது. அம்மனே பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் மத்தியானம், ஏரியில் வலை இழுத்துக்கொண்டிருந்த என் தங்கையின் புருஷனைப் பாம்பு கடித்துவிட்டது. மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். பின்சீட்டில் தங்கை, அவள் மடியில் அவர் தலை.

தொழிற்பேட்டையைத் தாண்டும்போது, "அண்ணா, இன்னாவோ தீயற வாசன வருதே," என்றாள்.

"ஃபேக்டரி வாசனம்மா. நீ மாப்ளய தூங்க வுடாத."

ஃபேக்டரிகளெல்லாம் பின்னால் போன பிறகும் அந்த வாசனை எங்களோடேயே வந்தது. நம் எஞ்சின்தானோ என்று தோன்றியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

அவர் கண் சொருகியது. "தாயே!" என்று அலறி, தங்கை முன்னால் எட்டிப் படத்தைத் தொட்டாள். படம் அவள் கையோடு பிய்ந்து வந்தது. முள் சிவப்பைத் தாண்டி நின்றிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அப்போதே எஞ்சின் ஒரு முனகலோடு நின்றுபோனது.

பின்னால் வந்த லாரிக்காரர் ஏற்றிக்கொண்டு போனதால் மாப்பிள்ளை பிழைத்தார்.

இன்றும் என் காரில் ஏறினால் தங்கை சாமியைக் கும்பிடுவதில்லை. குனிந்து முள்ளைப் பார்க்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதேயில்லை.