நூம்பலுக்குப் போன பிடியரிசி

ஜெபா, சாமு, உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுகிறாளே, அது எங்கே போகிறது என்று கேட்டீர்கள். மாதக் கடைசியில் நம் சபையார் எல்லாரும் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரே டிரம்மில் கொட்டுவோம். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. போன ஞாயிறு நேரில் போய்ப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மதியம் இரண்டரைக்கு அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ் ஏறினேன். கூட உபதேசியார் ஞானமுத்து. நூம்பலில் பழைய பேப்பர், பாட்டில் பொறுக்கிப் பிழைக்கிற இருபது குடும்பங்களுக்குள் ஊழியம் செய்கிறவர். எங்கள் காலடியில், டிரம்மிலிருந்து அந்த வாரத்துக்கு அள்ளிய பதினைந்து கிலோ மூட்டை. முதலில் வெறுங்கையோடு போனபோது யாரும் நின்றுகூடப் பேசவில்லையாம். அரிசிக்குத்தான் கதவைத் திறந்தார்கள், அப்புறம்தான் எனக்கு என்று சிரித்தார்.

வானகரத்தில் இறங்கும்போது மூன்றேகால். அங்கிருந்து வேலப்பன்சாவடிக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். மூட்டையை சீட்டில் வைத்ததைப் பார்த்த டிரைவர், "அதுவும் குந்திக்கினு தானே வருது அண்ணாத்தே, அதுக்கும் ஒரு இருவது எடு" என்றார். உபதேசியார் சட்டென்று மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு ஒன்றரை கிலோமீட்டர் நடை. ஒரு பக்கம் புது பிளாட்டுகள், எதிரே தகரக் கொட்டகைகள். நடக்கும்போதுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். ஜெபக்கூட்டம் நடப்பதே குமாரி என்பவர் வீட்டில். அவர் புருஷன் ஏழுமலைக்குக் குடலில் ஆபரேஷன் ஆகி, ஒரு மாதமாகப் படுக்கை. மூன்று வாரமாகக் குமாரி அரிசியும் வாங்கவில்லை, ஜெபத்துக்குக் கதவும் திறக்கவில்லை. அரிசியைக் காட்டி மதத்துக்கு இழுக்கிறார்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்களோ என்று உபதேசியாருக்குப் பயம். இன்றைக்கும் மறுத்தால் இந்தப் பக்கம் வர எனக்கு முகமில்லை என்றார்.

நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். குமாரி கதவைப் பாதி திறந்து வணக்கம் சொன்னார். மூட்டையைப் பார்த்ததும் வாசலை மறித்து நின்றுகொண்டார். நான் பெரிய மனுஷன் போல, ஜெபத்துக்கு வராவிட்டால் பரவாயில்லை அம்மா, அரிசியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

"ஜெபம் இன்னா பண்ணுச்சு பிரதர்? ஜெபம் வோணும். இந்த அரிசிதான் வோணாம். பொன்னி கொழஞ்சி போவுது, ரேசன் அரிசி வேவாம முழிச்சிகினு கீது. அத்த துன்னுட்டு இவரு வயித்தப் புடிச்சிகினு சுருண்டு கெடந்தாரு. சாமி ஊட்டு அரிசிய எப்டி கொற சொல்றது? அதான் கதவ சாத்திக்கினேன்."

நாற்பது வீட்டுப் பிடி, நாற்பது ரகம். கொட்டிய எங்களில் ஒருவர்கூட அதைச் சமைத்துப் பார்த்ததில்லை. உபதேசியார் குமாரியிடம் முறம் கேட்டு வாங்கித் தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். வேண்டாம் வேண்டாம் என்ற குமாரியும் கடைசியில் உட்கார்ந்தார். பொன்னி சன்னம், ரேஷன் அரிசி பருமன். கண்ணுக்குச் சுலபமாகத் தெரிகிறது, விரலுக்குத்தான் சிக்கவில்லை. ஒரு மணி நேரம் பொறுக்கி ஒருவேளைக் கஞ்சிக்குப் பொன்னி தேறியது.

உலை கொதிக்கும்போது உள்ளேயிருந்து ஏழுமலையின் குரல் வந்தது. "இன்னா பிரதர், அரிசி பொறுக்கறதோட சரியா? ஜெபம் கெடையாதா?"

உபதேசியார் எழுந்து போய், கையில் ஒட்டிய அரிசித் தூளோடு அவர் நெற்றியைத் தொட்டு ஜெபித்தார். சின்ன ஜெபம்தான். ஏழுமலை ஒரு கிண்ணம் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

ஆறு மணிக்குக் கிளம்பினோம். அடுத்த மாதம் முதல் ரகத்துக்கு ஒரு டிரம் வைக்கலாம் என்றார் உபதேசியார். சரி என்றேன். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. முறத்தில் பருமன் அரிசிதான் அதிகம் இருந்தது. நாம் சாப்பிடுவது பொன்னி. பிடியரிசிப் பானையில் விழுவது ரேஷன் அரிசி. கொடுக்கத்தானே, இது போதும் என்று நினைத்த ஏற்பாடு என்னுடையது. அம்மாவை ஒன்றும் சொல்லாதீர்கள்.

மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போனீர்கள், அம்மா வேலைக்குப் போனாள். ஞாயிறு காலை கோயிலில் கொட்டிய பிறகு பானையில் விழுந்திருந்த இரண்டு பிடியை எடுத்து நானே வடித்து, ஊறுகாய் வைத்துத் தனியாகச் சாப்பிட்டேன். பிறகு பானையைக் கழுவித் துடைத்து, நாம் சாப்பிடும் டின்னைத் திறந்து ஒரு பிடி அள்ளிப் போட்டேன்.