மாமன் மகனுக்கு ஊட்டிய மூன்று கைப்பிடி

மார்கிலான் ஊரில் கல்யாணப் புலாவ் என்றால் ஹோஷிம் என்றிருந்த காலம் உண்டு. பட்டுத்தறிக்காரர் உமர்ஜானின் இரண்டாவது மகன். தாய்மாமன் கசாப்புக்கடை யோல்சி. ஹோஷிம் முந்நூறு பேருக்கு ஒரே அண்டாவில் அரிசி போடுவார், ஒரு பருக்கை குழையாது.

நாற்பத்தைந்து வயதில் அவருக்கு நெஞ்செரிச்சல் பிடித்துக்கொண்டது. வாரத்தில் நாலு நாள் தொண்டை வரைக்கும் நெருப்பு. மருந்துக்கடை மஸ்தூரா ஒரு மாத்திரைப் பெட்டி கொடுத்தாள். "தினம் ஒண்ணு, வெறும் வயித்துல, சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாடி. பதினாலு நாள்தான் அண்ணே. அப்பவும் நிக்கலைன்னா டாக்டர்கிட்ட போகணும், இங்க வரக்கூடாது" என்றாள். ஹோஷிம் ஒளித்து வைக்கவில்லை. அடுப்பு மூட்டும் முன் எல்லோர் முன்னிலையிலும் ஒரு வில்லையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

அதை யோல்சியின் மகன் கனிஜான் பார்த்துவிட்டான். அவனும் சமையல்காரன்தான். போகிற வீடெல்லாம் சொன்னான்: "அத்தான் தான் சமைச்ச புலாவையே மாத்திரை போட்டுத்தான் முழுங்குறாரு. காசு குடுத்துத் திங்கிற நம்ம கதி என்ன ஆகும்?" ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வருஷம் பதினோரு கல்யாணங்கள் ஹோஷிம் கையை விட்டுக் கனிஜானுக்குப் போயின. பெரிய கரண்டி ஆணியில் தொங்கியது. ஹோஷிம் மனசுக்குள் கருவிக்கொண்டிருந்தார்.

வசந்தத்தில் எரிச்சல் மறுபடி தலைதூக்க, மருந்துக்கடைக்குப் போனவரிடம் மஸ்தூரா யோசிக்காமல் சொல்லிவிட்டாள்: "கடைசிப் பெட்டிய உங்க மாமா பையன் எடுத்துட்டுப் போயிட்டாரே! அவருக்கும் இதே கூத்துதான், ஆறு மாசமா. டாக்டர்கிட்ட போங்கன்னா கேக்குறதில்ல." நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஹோஷிம் வெளியே வந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பு.

கனிஜான் மகனுக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண்ணைப் பெற்றவன் வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்க வேண்டும், அண்டாவைத் தொடக்கூடாது. பையனைப் பெற்றவனுக்கும் அதே சட்டம். கிழவர் யோல்சி முடிவாகச் சொன்னார்: "என் தங்கச்சி மகன் உயிரோட இருக்கும்போது வெளியாள் கரண்டி பிடிச்சான்னா, நான் கல்யாணத்துக்கே வரலடா."

ஹோஷிம் வந்தார். ஆட்டு வால்கொழுப்பை வழக்கத்துக்கு இரண்டு பங்கு உருக்கினார். விடிந்ததும் ஆண்கள் பந்தி. கோகந்த் ஊரிலிருந்து வந்த சம்பந்திகள் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். தட்டை எடுத்துக்கொண்டு ஹோஷிமே வந்தார்.

"மாப்பிள்ளையோட அப்பாவுக்கு என் கையால ஊட்டணும், சம்பந்தி."

கையால் ஊட்டுவது மரியாதை. வேண்டாமென்று வாயை மூடினால் ஊட்டுகிறவனைக் காறித் துப்பிய மாதிரி. கனிஜான் வாயைத் திறந்தான். கொழுப்பு ஒழுகும் முதல் பிடி.

"போதும் அத்தான்."

"மருமகளுக்காக ஒண்ணு!"

சம்பந்திகள் கைதட்டினார்கள். இரண்டாவது.

"பிறக்கப்போற பேரனுக்காக!"

மூன்றாவது பிடி இறங்கியதும் கனிஜானுக்கு முகம் வேர்த்தது. நெஞ்சைத் தடவினான். ஏப்பம் புளித்து மேலே வந்தது. தாங்க முடியாமல் உள்சட்டைப் பையிலிருந்து பெட்டியை உருவி ஒரு வில்லையைப் பிதுக்கினான்.

"என்ன அது, சம்பந்தி?" என்றார் பெண்ணின் அப்பா.

"நெஞ்செரிச்சல் மாத்திரை" என்று ஹோஷிம் முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "ஆறு மாசமா திங்கிறான். டேய் கனி, மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும்டா. தின்னு முடிச்சப்புறம் போட்டா உடனே எப்படிடா அணையும்? என்னைக் கேட்டிருந்தா சொல்லிருப்பேன்ல, ஊரெல்லாம் என்னைப் பத்திப் பேசத் தெரிஞ்சவனுக்கு இது தெரியலியே!"

முதலில் சிரித்தவர் கிழவர் யோல்சி. பிறகு முற்றமே சிரித்தது. கனிஜான் தலை நிமிரவில்லை.

ஹோஷிம் அங்கேயே உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, ஒரு தட்டு புலாவை மாத்திரை இல்லாமல் தனியாகத் தின்று முடித்தார். மத்தியானம் வரைக்கும் நெஞ்சு எரிந்தது. எரியட்டும் என்று படுத்திருந்தார்.

இலையுதிர் காலத்துக்குள் ஒன்பது வீட்டுக்காரர்கள் கல்யாணச் சமையலுக்கு அவரைத் தேடி வந்தார்கள். யோல்சி செத்த அன்று ஹோஷிமும் கனிஜானும் பாடையின் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள், ஒருவரோடொருவர் பேசவில்லை. அதற்காக ஹோஷிம் வருத்தப்பட்டதாக இதுவரை யாரும் கேள்விப்படவில்லை.